கட்டுரையின் தலையில் மூன்று குறிகள்

என் இடத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் சுமதி போன வாரம் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைக் காலி செய்யப் போகிறார்களாம். இப்போது எல்லாப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கிறது, அதற்கென்று தனியாக ஓர் அறை எதற்கு என்று கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவள் வந்தது வேறு விஷயத்துக்கு.

"அக்கா, ஒரு கதவுக்கு மூணு பூட்டு போட்டு வச்சிருந்தீங்களே, அப்படி என்னாதான் இருந்துச்சு உள்ள?" என்றாள்.

"எட்டு கம்ப்யூட்டரு. அதுல மூணு ஓடாது" என்றேன்.

சிரித்துவிட்டாள். யாராவது சிரித்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்துப் பேசித் தள்ளிவிட்டேன். அதில் பாதியை இங்கே எழுதுகிறேன். மீதிப் பாதி சம்பளக் கமிஷனைத் திட்டியது. அது யாருக்கும் வேண்டாம்.

நான் டீச்சர் இல்லை. விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். இயற்பியல் லேபில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கடலூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்து, கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றினார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டது மூன்று விஷயம்: ஆன் செய்வது, ஆஃப் செய்வது, நடுவில் எதையும் தொடாமல் இருப்பது. பிள்ளைகளுக்கு நான் லேப்பக்கா.

பாடம் நடத்த வராவிட்டாலும் சட்டம் போட எனக்கு நன்றாக வரும். செருப்பு வெளியே. அதற்கடுத்து, கை கழுவிவிட்டுத்தான் கீபோர்டில் விரல் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் செராமிக் வேலைக்குப் போகாத குடும்பம் குறைவு. பிள்ளைகள் காலையில் பொம்மை அச்சில் களிமண் குழம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடம் வந்துவிடுவார்கள். நகக்கண்ணெல்லாம் வெள்ளை மண். அந்த மண் கீபோர்டுக்குள் போனால் 'க' அழுத்தினால் 'க' வராது. அதனால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் சோப்பும் வைத்தேன். கையை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதற்கப்புறம் கரண்ட். யூ.பி.எஸ். கீச்சென்று கத்தினால் நானும் கத்துவேன், "சேவ் பண்ணுங்கடி". அந்தப் பெட்டி மூச்சை விடுவதற்குள் எல்லாரும் சேவ் செய்தாக வேண்டும். எங்கள் ஊர்க் கரண்ட்டைப் பற்றி அந்த வருடங்களில் இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தலைமையாசிரியையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய மேடம் என்போம். அவர் குரல் உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். சாதாரணமாக "வாம்மா" என்பவர், கொஞ்சம் கோபமென்றால் "வாங்க" என்பார். நிஜமான கோபமென்றால் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேஜையில் வைத்துவிட்டு, "உட்காருங்களேன்" என்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வெளியே வரும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போவார்கள். எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது ஒரே சொல்தான்: "அப்படியா." அதைச் சந்தோஷமாகவும் சொல்வார், நம்பாமலும் சொல்வார், சீட்டைக் கிழிக்கிற மாதிரியும் சொல்வார்.

இன்டர்நெட் வந்த புதிது. சனிக்கிழமை அரை நாள் பதினோராம் வகுப்பு அறிவியல் பிள்ளைகளுக்கு அறையைத் திறந்துவிடுவேன். ஒரு சனிக்கிழமை ஜெயந்தி என்கிற பெண், செராமிக் பொருளின் மேல் பூசுகிறார்களே கண்ணாடி மாதிரி மினுமினுப்பாக, அதைப் பற்றித் தமிழில் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். அவள் அம்மா அந்த வேலைதான் பார்க்கிறார். வீட்டில் கிளேஸ் என்பார்கள், புத்தகத்தில் மெருகு. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் இருந்தது. அதில் 'மெருகு' என்று போட்டதும் ஒரு வரி வந்தது. இந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை, நீங்கள் தொடங்கலாம் என்று.

"அக்கா, நம்மளதான் எழுதச் சொல்றாங்க" என்றாள்.

"உன்னையா? உன் கெமிஸ்ட்ரி மார்க்கு தெரியாம சொல்லியிருப்பாங்க."

"இல்லக்கா, யாரு வேணாலும் எழுதலாமாம்."

அவ்வளவுதான். அறையே தேனீக் கூடாகிவிட்டது. அவரவர் பெயரில் கணக்குத் தொடங்கி, பள்ளியின் பெயரையும் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். மண்ணையும் கண்ணாடிக் கல்லையும் அரைத்துத் தண்ணீரில் கலப்பதிலிருந்து, முக்கி எடுத்துச் சூளையில் வைத்தால் அது உருகிப் பொருளின் நுண்துளைகளை அடைப்பது வரை, ஆளுக்கு ஒரு பத்தி. ஊறுகாய் ஜாடி ஏன் உப்பையும் புளிப்பையும் தாங்குகிறது என்று ஸ்டெல்லா எழுதினாள். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஷாகிரா, மெருகுக்கு நிறம் எப்படி வருகிறது என்று எழுதினாள். இரும்பு கலந்தால் பழுப்பு, கோபால்ட் கலந்தால் நீலம். அவள் அத்தா துபாயில் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கம்ப்யூட்டரில் கட்டுரையைப் படித்துவிட்டு போன் செய்வாராம்.

"எங்க அத்தா என் ரேங்க் கார்டுல கூட இவ்ளோ நேரம் கண்ணு வச்சதில்லக்கா" என்றாள் ஷாகிரா. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எனக்கே வயிறு நிறைந்துவிட்டது.

அந்தக் களஞ்சியத்தைக் கவனித்துக்கொள்கிறவர்கள் சிலர் உண்டு. சம்பளம் கிடையாது, ஆர்வம்தான். எங்கள் கட்டுரைக்கு வாய்த்தவரின் புனைபெயர் 'முற்றத்து வேம்பு'. பிள்ளைகள் வேம்பு சார் என்றார்கள். எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. நாங்கள் எழுதிய மறுநாளே வந்து திருத்துவார். இதற்கு ஆதாரம் எந்த நூல் என்று கேட்பார். "எங்க வூட்ல தெனம் பாக்கறோமே, அது ஆதாரமில்லயா?" என்று ஜெயந்தி பொருமுவாள். ஆகாதாம். நீங்களே கண்டது செல்லாது, அச்சில் வந்த நூல் காட்ட வேண்டும், அதுதான் களஞ்சியத்தின் விதி. பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே நூலகத்துக்கு ஓடிப் பக்க எண்ணோடு வருவார்கள். பரீட்சைக்குக்கூட அப்படி ஓடிப் பார்த்ததில்லை. பெரிய மேடத்துக்கு நான் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "அப்படியா" என்றார். சந்தோஷமான அப்படியா. தாளாளர் வியாழக்கிழமை வருகிறார், அவருக்கும் காட்டுவோம் என்றார்.

அந்த வாரம் திங்கட்கிழமை பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடி மடித்து மேஜையில் இருந்தது.

"உட்காருங்களேன்."

உட்கார்ந்தேன். அவர் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரில் எங்கள் கட்டுரை. அதன் உச்சியில் ஒரு பூட்டுப் படம். பக்கத்தில் ஓர் அறிவிப்பு: சமயப் பூசல் காரணமாக இக்கட்டுரை பூட்டப்பட்டுள்ளது.

மெருகைப் பற்றி எழுதிய இடத்தில் சமயம் எங்கே வந்தது?

"நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு போட்டு, பொண்ணுங்க மதச் சண்டை போடறாங்கன்னு உலகத்துக்கே தெரியற மாதிரி இருக்குங்க. வியாழக்கிழமை தாளாளர் இதைப் பார்ப்பாருங்க. அதுக்குள்ள இந்த வரி போகலன்னா கனெக்ஷனைத் துண்டிச்சிடலாம். நீங்களும் பழையபடி பிசிக்ஸ் லேபுக்கே போயிடுங்க."

ஒரே மூச்சில் இத்தனை 'ங்க' அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

மதிய இடைவேளையில் மூன்று பேரையும் பிடித்தேன். ஜெயந்தி, ஷாகிரா, ஸ்டெல்லா. சண்டைக்காரிகள் மூவரும் வேப்பமரத்தடியில் ஒரே டப்பாவில் புளிசோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னாடி பண்ணீங்க?" என்றேன்.

"என்னாக்கா? ஒண்ணும் பண்ணலியே" என்றாள் ஸ்டெல்லா, வாயில் சோற்றோடு.

கை கழுவ வைத்து அறைக்கு இழுத்துப் போனேன். அந்தக் களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 'வரலாறு' என்று ஒரு பக்கம் உண்டு. யார், எப்போது, எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். திறந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜெயந்தி கட்டுரையின் தலையில் ஒரு 'உ' போட்டிருந்தாள். பிள்ளையார் சுழி. வேம்பு சார் அதை நீக்கியிருக்கிறார். அடுத்து ஷாகிரா வந்தபோது தலையில் 786, பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதுகிற எண். அதையும் நீக்கியிருக்கிறார். ஸ்டெல்லா ஒரு கூட்டல் குறி. சிலுவைக்கு கீபோர்டில் அதுதான் கிடைத்ததாம். இப்படி வாரா வாரம். அவர் நீக்க, இவர்கள் போட.

"இதை ஏண்டி போட்டீங்க?"

மூன்று பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

"எழுத ஆரம்பிக்கறோம்ல? போடாம எப்படிக்கா எழுதறது?" என்றாள் ஜெயந்தி.

அவள் சொல்வதிலும் தப்பில்லை. பரீட்சைத் தாளானாலும் லீவ் லெட்டரானாலும் மளிகைச் சீட்டானாலும் தலையில் அவரவர் குறியைப் போட்டுவிட்டுத்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கை நகரும். எல்லாத் தாளிலும் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. என் கண்ணிலும் படவில்லை. ஒரு வாரம் போட்டது மறுவாரம் காணாமல் போயிருந்தால், போட மறந்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி போட்டிருக்கிறார்கள்.

"சரி, போட்டீங்க. ஒருத்தி போட்டத இன்னொருத்தி ஏன் அழிச்சீங்க?" என்றேன். ஏனென்றால் வரலாற்றில் அதுவும் இருந்தது. ஷாகிரா 'உ'வை எடுத்துவிட்டு 786 போட்டிருந்தாள். சிறிது நேரத்தில் ஜெயந்தி 786-ஐ எடுத்துவிட்டு 'உ' போட்டிருந்தாள். எங்கோ உட்கார்ந்திருக்கிற மனிதர் இதைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்? நானாக இருந்தாலும் பூட்டுதான் போட்டிருப்பேன். மூன்று பூட்டு.

"நான் அழிக்கலக்கா. சத்தியமா" என்றாள் ஷாகிரா. கண்ணில் நீர் நின்றது. "அத்தா வெள்ளிக்கெழம பாப்பாரு. சமயப் பூசல்னு இருக்குது. என்னா நெனப்பாரு என்னப் பத்தி?"

இங்கேதான் என் மண்டையில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கரண்ட்டுக்குப் பயந்து பிள்ளைகள் நேராகக் களஞ்சியத்தில் எழுத மாட்டார்கள். காலையிலேயே ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் முழுக் கட்டுரையையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, தலையில் குறியைப் போட்டு, தன் பத்தியைத் திருத்துவார்கள். யூ.பி.எஸ். கத்தும். நான் கத்துவேன். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் முழுக் கட்டுரையையும் களஞ்சியத்தில் கொட்டுவார்கள். கடைசியாகக் கொட்டியவளின் கட்டுரை நிற்கும். முன்னால் கொட்டியவளின் குறி, பத்தி எல்லாம் போய்விடும். அவர்கள் ஒருவரை ஒருவர் அழிக்கவில்லை. எங்கள் ஊர்க் கரண்ட்டும் என் தொண்டையும் சேர்ந்து அழித்திருக்கிறது.

கட்டுரை பூட்டப்பட்டாலும் அதன் உரையாடல் பக்கம் திறந்திருந்தது. அங்கே விளக்கம் எழுதுங்கள் என்று உட்கார வைத்தேன். எழுதினார்கள் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், 'மதிப்பிற்குரிய வேம்பு ஐயா அவர்களுக்கு', 'பொருள்: பூட்டைத் திறந்துவிட வேண்டுதல் தொடர்பாக', கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவிகள்'. காய்ச்சலுக்கு லீவ் கேட்கிற அதே லெட்டர். பழக்கத்தைப் பற்றியும் கரண்ட்டைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். தலையில் மட்டும் எதுவும் போட விடாமல் நான் பின்னாலேயே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. "விளக்கத்துக்கு நன்றி. மூன்று சமயக் குறிகளும் சண்டையில்லாமல் ஒன்றாக இருக்கக்கூடியவை என்பதை நம்பத்தான் விருப்பம். ஆனால் வரலாற்றுப் பக்கத்தைப் பார்க்கும் பிற தொகுப்பாளர்களும் நம்ப வேண்டுமே."

"நம்பலங்கறாரு" என்றாள் ஸ்டெல்லா. ஷாகிரா வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள். நான் மனதுக்குள் பிசிக்ஸ் லேபில் எந்த அலமாரிக்குச் சாவி இல்லை என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஜெயந்தி மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். "ஒண்ணாதான் இருக்கும்னு காட்டணும். அவ்ளோதானக்கா? நம்மளே கண்டது செல்லாது, ஆனா நம்ம எடுத்த போட்டோ போடலாம்னு ரூல்ல இருக்குதுல்ல?"

"இருக்குது. அதுக்கு?"

"நாளைக்குக் காட்டறேன்."

புதன்கிழமை காலை ஒரு துணிப்பையைச் சுமந்துகொண்டு வந்தாள். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் விரல் நீளத்தில் மூன்று பொம்மைகள்: ஒரு யானை, ஒரு கிளி, ஒரு வாத்து. மேலெல்லாம் பளபளவென்று மெருகு. அவள் மூன்றையும் மேஜையில் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

யானையின் அடியில் 'உ'. கிளியின் அடியில் ஒரு பிறை. வாத்தின் அடியில் ஒரு சிலுவை. பழுப்பு நிறத்தில், சுட்டு இறுகிப் போன குறிகள்.

"இது எங்கம்மா வேல செய்யற யூனிட்டு. இது பக்கத்துல பாய் யூனிட்டு. இது மேரி அக்காவோடது. சூளை எல்லாருக்கும் பொதுதானக்கா? ஒண்ணாதான் அடுக்குவாங்க. வெளிய எடுக்கச்சொல்லோ யார் சரக்கு எதுன்னு தெரியணும்ல? அதான் அவங்கவங்க அடியில போட்டுருவாங்க."

"மேல போட்டா என்னா?" என்றேன்.

"மேல கிளேஸு மூடிக்கும். அடியில கிளேஸு பூச மாட்டாங்க. பூசுனா உருகி சூளைத் தட்டோட ஒட்டிக்கும். வெறும் மண்ணா இருக்கறதால குறி நிக்கும்" என்றாள். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ அக்கா. அடியில ஏன் பூச மாட்டாங்கன்னு நம்ம கட்டுரைல எழுதவே இல்லியே."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெருகைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள், மெருகு இல்லாத இடத்தை மறந்தே போயிருந்தோம். ஸ்டெல்லா அப்போதே நூலகத்துக்கு ஓடினாள். பக்க எண்ணோடு வந்தாள்.

படம் எடுக்க கேமராவுக்கு எங்கே போவது? நேராகப் பெரிய மேடத்திடம் போனேன். விஷயத்தைச் சொல்லி, மேஜைமேல் பொம்மைகளைக் கவிழ்த்து வைத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். கிளியை மட்டும் இரண்டு தடவை.

"ஒரே சூளையிலயா?"

"ஒரே தட்டுலயாம் மேடம்."

"அப்படியா" என்றார். இது நான் அதுவரை கேட்காத நாலாவது அப்படியா. பீரோவைத் திறந்து, ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே வரும் டிஜிட்டல் கேமராவை எடுத்துக் கொடுத்தார். "கைய ஆட்டாம எடுக்கச் சொல்லும்மா." அந்த 'ம்மா' என் காதில் தேன் மாதிரி விழுந்தது.

படத்தையும் அடியில் பூசாத காரணத்தையும் நூல் பெயரையும் உரையாடல் பக்கத்தில் போட்டார்கள். வியாழக்கிழமை காலை கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பார்த்தேன். என் சட்டத்தை நான் மீறியது அன்று ஒருநாள்தான்.

பூட்டு இல்லை. அறிவிப்பு இல்லை. கட்டுரையில் புதிய பகுதி சேர்ந்திருந்தது. வலது பக்கம் எங்கள் மூன்று பொம்மைகள், தலைகீழாக. கீழே வேம்பு எழுதிய வரி: 'ஒரே சூளையில் ஒன்றாகச் சுடப்பட்ட மூன்று பொம்மைகளின் மெருகு பூசப்படாத அடிப்பகுதிகள். படம்: மாணவிகள்.'

உரையாடல் பக்கத்தில் இன்னொரு குறிப்பு. "பிள்ளைகளே, என்னை மன்னியுங்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் தாளின் தலையில் 'சிவமயம்' எழுதாமல் நாங்களும் பேனை பிடித்ததில்லை. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து அது மறந்தே போனது. பிறகு, நான் ஐயா இல்லை. நான்கு பிள்ளைகளின் அம்மா."

பின்னாலேயே ஓடி வந்த ஷாகிரா அதை நாலு தடவை சத்தமாகப் படித்தாள். பிறகு மேஜையில் முகத்தை வைத்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிற பிள்ளையை என்ன சொல்லித் தேற்றுவது? கீபோர்டை மட்டும் நகர்த்தி வைத்தேன்.

தாளாளர் வந்தார், பார்த்தார், பொம்மை எங்கே கிடைக்கும் என்று கேட்டார், போய்விட்டார். அவருக்கு இத்தனை கதை தெரியாது. அவர் போன பிறகு பெரிய மேடம் தனியாக என் அறைக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டார். வாளியில் கை கழுவினார். இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

"அந்தம்மாவுக்கு நானே ரெண்டு வரி நன்றி எழுதணும். எங்க எழுதறது?"

ஷாகிரா பள்ளியின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, உரையாடல் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். பெரிய மேடம் அதற்கு முன் தமிழில் டைப் செய்ததில்லை. ஒற்றை விரலை நீட்டி எழுத்தைத் தேடினார். வெகுநேரம் தேடினார். கடைசியில் கண்டுபிடித்து ஓர் அழுத்து அழுத்தினார்.

திரையில் வந்தது 'உ'.

"மேடம்" என்றாள் ஜெயந்தி, பயந்து பயந்து. "மேல எதுவும் போடக் கூடாதுங்க மேடம்."

பெரிய மேடம் திரையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து யூ.பி.எஸ். கீச்சென்றது. என் வாய் என் பேச்சைக் கேட்குமா? "சேவ் பண்ணுங்க" என்று கத்திவிட்டேன். பெரிய மேடமும் பதறிப்போய்ச் சேவ் செய்துவிட்டார்.

சுமதிக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவள் நம்பவில்லை. போனை எடுத்துத் தேடினாள். கட்டுரை இப்போது ஆளே மாறிப் பெரிதாகிவிட்டது. யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். மூன்று பொம்மைகள் மட்டும் அதே இடத்தில் தலைகீழாக நிற்கின்றன. உரையாடல் பக்கத்தின் வரலாற்றைத் திறக்கச் சொன்னேன். அவளே சத்தமாகப் படித்தாள்.

'உ' சேர்த்தது: எங்கள் பள்ளிக் கணக்கு. நீக்கியது: ஜெயந்தி. காரணம்: எங்கள் மேடம் தெரியாமல் போட்டுவிட்டார்கள், மன்னிக்கவும். மீண்டும் சேர்த்தது: முற்றத்து வேம்பு. காரணம்: பெரியவர் போட்டது, இருக்கட்டும்.